நாலு வருஷத்து மிலிட்டரிக்காரர்

தம்பி, பட்டாளத்தில் சேரப் போகிறாயாமே. தொண்ணூறு அடி ரோடு முழுக்க அதே பேச்சு. நல்லது. தாராவியில் பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த நம் தாத்தாக்கள் காலத்தில், ஊரில் ஒரு காரை வீடு தெரிந்தால் அது சிலோன் போனவர் வீடாக இருக்கும், இல்லாவிட்டால் மிலிட்டரிக்காரர் வீடாக இருக்கும். டிரங்குப் பெட்டி, பச்சைக் கம்பளி, கேன்டீன் ரம், மாசம் பிறந்தால் பென்ஷன். மீசையை முறுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து 1971 யுத்தத்தைத் தனி ஆளாக ஜெயித்த கதையைச் சொல்வார். பெண் கொடுக்க ஆள் தேடி வரும்.

அந்த மிலிட்டரிக்காரருக்குக் கருமாதி நடந்து வருஷங்கள் ஆகின்றன. 2022 ஜூன் 14 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், முப்படைத் தளபதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை முறைப்படி செய்து முடித்தார். அதே மேடையில் புதிதாக ஒருவர் பிறந்தார். பெயர் அக்னிவீர். ஆயுள் நாலு வருஷம். திட்டத்தின் பெயர் அக்னிபத், அதாவது தீயின் பாதை. நம் ஊரில் தீ மிதிக்கிறவன் அந்தக் கரை போய்ச் சேர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையில்தான் கால் வைக்கிறான். இந்தத் தீயில் நாலு பேர் இறங்கினால் ஒருவனுக்குத்தான் கரை.

போனால் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டாய். விளம்பரத்தில் வருகிற பனிமலை, ஹெலிகாப்டர், பின்னணி இசை எல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு எப்போதும் தொண்டையில் நிற்கிற முள். பதினைந்து வருஷம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்தேன் என்று காட்ட வேண்டும். மழைக்கு ஒழுகி நனைந்த ரேஷன் கார்டும், எலி கடித்த மின்கட்டண ரசீதும், எங்கே போனது என்று தெரியாத குடிசை போட்டோ பாஸும் வைத்துக்கொண்டு நீ இந்த மண்ணில்தான் வளர்ந்தாய் என்று நிரூபிக்க வேண்டும். செத்தால் இந்த மண்ணுக்காகத்தான் சாவாய் என்பதற்கு மட்டும் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. அதை நம்பிவிடுகிறார்கள்.

அந்தக் காகிதம் கிடைத்தால் அடுத்த வேடிக்கை. ஜெனரல் டியூட்டி பிரிவில் சேரத் தமிழ்நாட்டுப் பையனுக்கு வேண்டிய உயரம் 166 சென்டிமீட்டர். மகாராஷ்டிரத்துப் பையனுக்கு 168. ஒரே தாத்தாவின் பேரன்களில் அம்பாசமுத்திரத்தில் பிறந்தவன் வீரன். தாராவியில் பிறந்த நீ ரெண்டு சென்டிமீட்டர் குறைவு. இங்கே தேர்தல் நேரத்தில் உன்னை மதராஸி என்று விரட்டியவர்கள் உண்டு. உயரம் அளக்கும்போது மட்டும் சுத்த மராட்டியனாக்கி நிமிர்ந்து நிற்கச் சொல்வார்கள்.

நம்மை அளந்து பார்ப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை, வீரம் வடக்கே கோதுமை விளைகிற பக்கம்தான் விளைகிறது என்று முடிவுகட்டினார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகி, மதராஸ் பட்டாளங்களைக் கலைப்பதில் இறங்கினார். இந்தப் பக்கம் மராட்டியத் தலித்துகளான மகார்களுக்கும் 1890களில் படைவாசல் சாத்தப்பட்டது. ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் வாதாடி, மகார் ரெஜிமென்ட் வந்தது 1941-இல். இரண்டாம் உலகப் போரில் ஆள் பஞ்சம் வந்ததும் மதராஸியும் மகாரும் ஒரே ராத்திரியில் வீரப் பரம்பரை ஆகிவிட்டார்கள். பீரங்கிக்குத் தீனி குறையும்போதெல்லாம் நம் வீரம் கண்டுபிடிக்கப்படும்.

அடுத்து ஓட்டம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 வினாடியில் ஓடினால் முழு மதிப்பெண். பத்து முறை கம்பியில் தொங்கி மேலே வரணும், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும். இந்தப் பள்ளம் தாண்டுவதில் தாராவிக்காரனை யாரும் அசைக்க முடியாது. மழைக்காலத்தில் கிராஸ் ரோட்டில் நடந்தவனுக்கு ஒன்பது அடி ஒரு பொருட்டா? ஓடுவதற்குத்தான் இடமில்லை. விடியற்காலையில் மாட்டுங்கா ஐந்து பூங்காவுக்குப் போய் ஓடு. அங்கே கொலஸ்ட்ரால் குறைக்க நடக்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். இல்லையென்றால் மிட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸ். சாலை அகலமாக இருக்கும். வைரச் சந்தை, வங்கித் தலைமையகங்கள், துணைத் தூதரகம் எல்லாவற்றையும் தாண்டி ஓடலாம். உள்ளே இருப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகள் யாரும் உன்னோடு போட்டிக்கு வரமாட்டார்கள். அந்த வகையில் தடம் காலி.

பயிற்சி ஆறு மாசம் சொச்சம். அதைப் பற்றிக் கவலையே படாதே. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்தவனுக்கு பாரக்ஸ் ஒரு பங்களா. அதிகாலை நாலரைக்குத் தண்ணீருக்கு எழுந்தவனை எந்த ஹவில்தாரும் விசில் ஊதி எழுப்ப வேண்டியதில்லை. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவனுக்கு அணிவகுப்பில் பொறுமையாக நிற்கத் தெரியும். சயான் ஸ்டேஷனில் காலை எட்டு மணி ஸ்லோ வண்டியில் ஏறி இடம் பிடித்தவன் எந்த அரணையும் உடைத்து உள்ளே போவான். இந்தி உனக்குப் பயிற்சி கொடுக்கிற உஸ்தாதைவிடச் சரளமாக வரும். கொஞ்சம் கெட்ட வார்த்தையைக் குறைத்தால் போதும். எழுத்துத் தேர்வை 2025 முதல் தமிழிலும் எழுதலாம் என்று விட்டார்கள். நாம் நன்றி கெட்டவர்கள் அல்ல, இதற்கு நன்றி.

இப்போது கூலி. முதல் வருஷம் மாசம் 30,000. கையில் வருவது 21,000. இரண்டாம் வருஷம் 33,000, மூன்றாம் வருஷம் 36,500, நாலாம் வருஷம் 40,000. எல்லாவற்றிலும் நூற்றுக்கு முப்பது பிடித்துவிட்டு மீதிதான் கைக்கு. பிடித்தது நாலு வருஷத்தில் 5.02 லட்சம் ஆகும். அரசு அதே அளவு போடும். வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது, பெயர் சேவா நிதி. அதோடு சரி. பென்ஷன் கிடையாது. பணிக்கொடை கிடையாது. அகவிலைப்படி கிடையாது. பக்கத்து மெத்தையில் படுக்கிற பழைய ஜவானுக்கு ராணுவப் பணி ஊதியம் என்று மாசம் 5,200 உண்டு, உனக்குக் கிடையாது. அவருக்கு வருஷத்தில் மூணு மாசம் லீவு. உனக்கு ஒரு மாசம். அவர் வெளியே வந்தால் முன்னாள் ராணுவத்தினர். நீ வெளியே வந்தால் வெறும் முன்னாள். உன் சட்டையில் தனிச் சின்னம் ஒன்று குத்தி விடுவார்கள். அது எதிரிக்காக அல்ல, கணக்குப் பிள்ளைக்காக.

நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம். அதில் நீ வந்துவிட்டாய் என்று வைத்துக்கொள். அரசு உன் பெயரில் போட்ட பங்கு உனக்கு வராது. நீ சேர்த்ததும் அதன் வட்டியும் மட்டும் வரும். தோற்றால் வீட்டுக்குப் போ, ஜெயித்தால் பாதியைக் கொடுத்துவிட்டு உள்ளே போ. மாட்டுங்கா ஜிம்கானா சீட்டாட்டத்தில்கூட இப்படியொரு விதி இல்லை.

அதைவிட ஒன்று. பதுங்குகுழியில் நாலு பேர் இருக்கிறீர்கள். உன் உயிர் மற்ற மூவர் கையில். அந்த மூவரும் உன் வேலைக்குப் போட்டியாளர்கள். பெயர், உப்பு, கொடி என்று மூன்றின் மேல் சத்தியம் செய்கிற படை இது. 'நாம், நமக், நிஷான்' என்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நமக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். உள்ளளவும் நினைக்க வேண்டியது உன் பொறுப்பு. உப்பிடுவது நாலு வருஷத்துக்குத்தான்.

வயசுக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்களுக்குத் தனியாக ஒரு பதக்கம் கொடுக்கலாம். பதினேழரை வயதில் சேரலாம். பதினெட்டு ஆகாததால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டுப் போட முடியாது, துப்பாக்கி பிடிக்கலாம். இருபத்தொன்றரையில் ஓய்வு. மகாராஷ்டிரத்தில் ரம் வாங்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே ஓய்வுபெற்ற பிறகும் சட்டப்படி ஒரு பெக் ரம் வாங்கத் தகுதியில்லாத மிலிட்டரிக்காரர்களை உருவாக்கிய பெருமை நம்முடையது. 25 ஆனாலும் கேன்டீன் கார்டு கிடையாது என்பதால், மிலிட்டரி சரக்குக்கு நீ பக்கத்து வீட்டு மிலிட்டரித் தாத்தாவிடம்தான் கையேந்த வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு 2022 ஜூனில் பையன்கள் தெருவில் இறங்கினார்கள். கோவிட் காலத்தில் ரெண்டு வருஷம் ஆள்சேர்ப்பே நடக்கவில்லை. ஓட்டத்திலும் மருத்துவச் சோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்களை எல்லாம் திரும்ப முதலிலிருந்து வா, இந்த முறை நாலு வருஷத்துக்கு வா என்றால் வயிறு எரியுமா எரியாதா? பிகாரில் ரயில் எரிந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் போலீஸ் சுட்டு ஒரு பையன் செத்தான். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டவன், சேருமுன்பே சொந்த நாட்டுத் தோட்டாவுக்கு இரையானான். உடனே ராணுவத் தரப்பில் சொன்னார்கள்: திட்டம் வாபஸ் கிடையாது; சேர வருகிறவன் போராட்டத்திலும் தீவைப்பிலும் கலந்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குண்டு மழையில் முன்னேறத் துணிந்தவன் வேண்டும். ஆனால் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டிருக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

பிடிக்கவில்லை என்றால் சேராதே, யார் வரச் சொன்னது என்று நாக்பூரில் பேசினார் அப்போதைய மத்திய இணை அமைச்சர் வி.கே. சிங். இவர் யாரென்று உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது சின்னப் பிள்ளை. தரைப்படைத் தளபதியாக இருந்தவர். பிறந்த வருஷம் 1950 அல்ல, 1951 என்று 2012-இல் உச்சநீதிமன்றத்தின் படியேறியவர். அந்தத் திருத்தம் கிடைத்திருந்தால் இன்னும் பத்து மாசம் பதவியில் இருந்திருக்கலாம். மானப் பிரச்சினை, பதவிப் பிரச்சினை அல்ல என்றார். ஒப்புக்கொள்கிறேன். தளபதிக்குப் பத்து மாசம் மானப் பிரச்சினை. பழைய ஜவானைவிட உனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் குறைந்தால் அது சீர்திருத்தம்.

இன்னொரு தளபதி நரவணே. நாலு வருஷத் திட்டத்தின் விதையே அவர் காலத்தில் போட்டதுதான். அவர் நினைத்தது முக்கால் பங்கு ஆட்களை வைத்துக்கொண்டு கால் பங்கை அனுப்புவது. வெளியே வந்தபோது திட்டம் தலைகீழாக நின்றது. முதலில் பேசிய சம்பளம் மாசம் 20,000 என்றும், பயிற்சி பெற்ற வீரனைத் தினக்கூலியோடு ஒப்பிடுவதா என்று படைத்தரப்பு எதிர்த்த பிறகே உயர்ந்தது என்றும் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். 2023 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் பத்திரிகைகளில் வந்தன. புத்தகம் வரவில்லை, அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. நம் பையன்களின் போலீஸ் வெரிஃபிகேஷன்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஏன் இந்தத் திட்டம்? படையை இளமையாக்க என்பது பதில். 2022-23இல் பாதுகாப்பு பட்ஜெட் 5.25 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் கிட்டத்தட்ட 1.2 லட்சம் கோடி. ஆக, நாட்டின் பாதுகாப்புக்கு எதிரி யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள்: திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்த மீசைக்காரத் தாத்தா. நியாயம்தான், பென்ஷன் பெரிய சுமை. அதனால்தான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தச் சுமையைத் தங்கள் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டார்கள். முன்னாள் எம்.பி.க்கு மாசம் 25,000 இருந்த பென்ஷன், 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு 31,000 ஆகிவிட்டது. எத்தனை நாள் பதவியில் இருந்தார் என்ற கேள்வியே இல்லை. ஒருநாள் இருந்தாலும் ஆயுளுக்கும் உண்டு. சியாச்சின் பனியில் நாலு வருஷம் நின்றவனுக்கு இல்லாதது, குளிரூட்டிய அறையில் கைதட்டியவருக்கு உண்டு. அக்னிவீருக்கு இல்லாத பென்ஷன் நமக்கெதற்கு என்று அப்போது ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்த வருண் காந்தி கேட்டார். அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. வரிசையாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தால் வேலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பாஜக அலுவலகத்துக்குக் காவல் வைக்க வேண்டுமென்றால் அக்னிவீருக்கு முன்னுரிமை தருவேன் என்று இந்தூரில் அந்தக் கட்சிக்காரரான கைலாஷ் விஜய்வர்கியா சொன்னார். திட்டு விழுந்ததும் விளக்கமும் சொன்னார். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா, வா வா, எங்கள் நிறுவனத்தில் வாய்ப்புண்டு என்றார். இத்தனை வருஷமாக ஓய்வுபெற்று வந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று முன்னாள் கடற்படைத் தளபதி அருண் பிரகாஷ் கேட்டார். துணை ராணுவத்தில் பத்து சதவீத ஒதுக்கீடு என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஒதுக்கீடு என்றால் என்ன என்பதை நமக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டுமா? நாற்காலி ஒதுங்கி இருக்கும்; ஆளை உட்கார வைக்கமாட்டார்கள். பதினேழு வருஷம் பணியாற்றிய பழைய ஜவான்களுக்கு மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் பத்து சதவீதம் என்று எப்போதிருந்தோ இருக்கிறது. அது நிரம்பிய கதையைச் சொல்ல ஆளில்லை.

மிச்சம் இருப்பது வாட்ச்மேன் நாற்காலி. செம்பூரில், மாட்டுங்காவில் எந்த ஹவுசிங் சொசைட்டி வாசலிலும் அது கிடக்கும். ஜனவரி 26 அன்று அங்கே போய் நின்று பார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கொடியேற்றுவார். பனியில் நிற்கும் நம் ஜவான்களை நினைத்துக் கண் கலங்குவார். உண்மையாகவே கலங்கும், பொய் சொல்லக் கூடாது. 2016 நவம்பரில் நோட்டுச் செல்லாது என்று அறிவித்து, ஏ.டி.எம். வரிசையில் நான் முணுமுணுத்தபோது, ராணுவ வீரன் எல்லையில் நிற்கிறான், உன்னால் இங்கே நிற்க முடியாதா என்று கேட்டவர்கள் இவர்கள்தான். 'அமரன்' படம் பார்த்துவிட்டு வந்து வாரம் முழுக்க அதன் நாயகன் மேஜர் முகுந்தைப் பற்றிப் பேசியவர்கள். அந்த மேஜருக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் அதிகாரிகளுக்கு அக்னிபத் கிடையாது. அவர்களில் குறுகிய காலப் பணி என்று வருகிறவர்களுக்கே பத்து வருஷம். நாலு வருஷம் என்பது உன் வீட்டுப் பையனுக்கு மட்டும் அடித்த அளவு. பேச்சு முடிந்ததும் வடா-பாவும் ஜிலேபியும் கொடுப்பார்கள். அந்த அதிகாரியின் மகன் நியூ ஜெர்சியிலிருந்து வீடியோவில் கொடிக்கு சல்யூட் அடிப்பான். அடுத்த வருஷம் எச்-1பி நீட்டிப்பு கிடைக்குமா என்று அவனுக்கு ஒரே கவலை. பாவம், அவனும் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப் போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

காட்கோபர் கிழக்கில் காமராஜ் நகர் என்று ஒரு குடிசைப் பகுதி. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தவர் பெயரைத் தாங்கிய இடம். ஆந்திரத்துக் கல்லி தாண்டாவிலிருந்து கூலிக்கு வந்த குடும்பத்தின் பையன் முரளி நாயக் அங்கேதான் வளர்ந்தார். அக்னிவீராகச் சேர்ந்தார். 2025 மே 9 அன்று, ஆபரேஷன் சிந்தூரின்போது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் நடந்த பாகிஸ்தான் தாக்குதலில் இறந்தார். தொலைக்காட்சிகள் அந்த இரவு முழுக்க ஸ்டுடியோவில் சைரன் போட்டுக்கொண்டிருந்தன. கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டோம் என்று சொன்ன சேனல்களும் இருந்தன.

பணம் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் 48 லட்சம், கருணைத் தொகை 44 லட்சம், மீதிக் காலச் சம்பளம், சேவா நிதி. கூட்டினால் கோடியை நெருங்கும், தாண்டும். ஆந்திர அரசும் தன் பங்குக்கு அறிவித்தது. ஆனால் பக்கத்தில் நின்று அதே குண்டில் சாகிற நிரந்தர ஜவானின் குடும்பத்துக்கு ஆயுளுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு. அக்னிவீரின் தாய்க்குக் கிடையாது. முரளியின் தாய் அதைக் கேட்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பிள்ளையைக் கொடுத்த தாய், என் பிள்ளையும் ராணுவ வீரன்தான் என்று வக்கீல் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெட்கங்கெட்டவர்களே, அவன் உடம்பின் மேல் போர்த்தியது எந்த நாட்டுக் கொடி? அந்தக் கொடிக்கும் நாலு வருஷக் கெடு வைத்திருக்கிறீர்களா?

எல்லைப் பணியில் முதலில் இறந்த அக்னிவீர் இந்த மாநிலத்துப் பையன்தான், புல்டாணா மாவட்டத்து அக்ஷய் கவதே, 2023 அக்டோபரில், சியாச்சினில். பிறகு 2024 ஜனவரியில் பஞ்சாப்பைச் சேர்ந்த அஜய் குமார், கண்ணிவெடியில். அதே வருஷம் ஜூலையில் நாடாளுமன்றத்தில் நடந்த சண்டை, அஜய் குமார் குடும்பத்துக்குக் கொடுத்தது எத்தனை லட்சம், கொடுத்தது இழப்பீடா இன்ஷூரன்ஸா என்பதைப் பற்றி. வரவு செலவில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பணியில் இறக்கும் அக்னிவீரின் குடும்பத்துக்கு நிரந்தர ஜவானின் குடும்பத்துக்கு உள்ள பென்ஷனையும் மற்ற சலுகைகளையும் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழுவே 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. எதிர்க்கட்சியோ, கலகக்காரனோ, நானோ சொன்னதல்ல. அவர்களுடைய குழு, அவர்களுடைய தாள்.

காமராஜ் நகரில் இன்னொன்றும் நடக்கிறது. அந்த இடத்தை இடித்துக் கட்டுகிறார்கள். தாராவியும் அப்படித்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதானிக்கு எண்பது, அரசுக்கு இருபது என்று கம்பெனி ஆகிவிட்டது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் வந்த தரைத்தளத்துக்காரனுக்குத்தான் இங்கே 350 சதுர அடி இலவச வீடு. பின்னால் வந்தவனும் மேல்மாடிக்காரனும் வெளியே. நீ மேல்மாடி. நாலு வருஷம் காஷ்மீர் எல்லையைக் காத்துவிட்டு வந்தால், உன் வீட்டு எல்லை தேவனார் குப்பைக்கிடங்கு இருந்த இடத்துக்கு நகர்ந்திருக்கலாம். அங்கே 124 ஏக்கர் இதற்கென்றே கொடுத்திருக்கிறார்கள். சர்வேக்காரன் கதவைத் தட்டும்போது நீ பனியில் நிற்பாய். எல்லையில் நிற்கிறான் என்று சொன்னால் குறித்துக்கொள்வான்: ஆள் இல்லை, கதவு பூட்டு.

எல்லையில் காக்கப்படுகிற நாட்டில் உனக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டால் தேசத்துரோகம். அதனால் நான் கேட்கவில்லை.

போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, தம்பி. நீ ஏன் போகிறாய் என்று தெரியும். பட்டறையில் தையல் மிஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து கிடப்பவனுக்கு 21,000 பெரிய காசு. சாப்பாடு போடுவார்கள், பூட்ஸ் கொடுப்பார்கள், லீவில் வந்தால் நாலு பேர் எழுந்து நின்று பேசுவார்கள். அந்தக் கடைசி ஆசையை நம்பித்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. உன் மரியாதைப் பசிக்கு விலை போட்டு, அதிலும் பேரம் பேசி, நூற்றுக்கு முப்பது பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். முதல் அணி 2022 கடைசியில் சேர்ந்தது. அவர்களுக்கு 2026 கடைசியிலிருந்து கெடு முடியத் தொடங்குகிறது. அந்த முக்கால் பங்கு ஆட்கள் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்க முடிந்தால் பார்.

முடியாதென்றால் போ. போகுமுன் ரெண்டு காரியம் செய். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், அந்த நிலைக்குழுப் பரிந்துரை என்ன ஆயிற்று என்று கேள். பாரத் மாதா கி ஜே என்று பதில் வந்தால், நீயும் ஜே சொல்லிவிட்டுத் திரும்பவும் அதையே கேள். ரெண்டாவது, கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத் தாளை உன் அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டு. பென்ஷன் என்ன போட்டிருக்கிறான் என்று அம்மா கேட்பார். பதிலைச் சொல்லிவிட்டுப் போ.